கிழக்கின் உலர்காடும் உலகின் காடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விவசாயிகளும் மீனவர்களும் மாணவர்களும் பாதயாத்திரை செல்வோரும் காடுகளைப் பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. காடு என்றதும் பேச்சு அமேசனுக்கோ தென்னிலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டுக்கோ போய்விடுவது வழக்கம் என்பதால், இந்தப் பக்கம் நமது பற்றைக்காட்டிலிருந்தே தொடங்குகிறது.

சிங்கராஜாவைப் போல அடர்த்தியும் பசுமையும் இல்லாத எங்கள் பக்கத்துக் காடுகளுக்கு உண்மையில் அவ்வளவு மதிப்பு உண்டா?

உண்டு. சில வகையில் அதற்கு மேலும் உண்டு. உலகின் வெப்ப வலயக் காடுகளில் மிகுந்த ஆபத்தில் இருப்பவை மழைக்காடுகள் அல்ல, உலர்காடுகளே என்று டானியல் ஜான்சன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் 1988 ஆம் ஆண்டிலேயே எழுதினார். காரணம் எளிது. ஆண்டின் ஒரு பகுதி வறண்டிருக்கும் இடம் மனிதருக்கு வசதியானது. நோய் குறைவு, மண் வளமானது, தீ வைத்தால் எரியும். ஆகவே மத்திய அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இத்தகைய காடுகளே முதலில் வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறின.

நமது காடு அவற்றிலிருந்தும் வேறுபட்டது. நான்கைந்து மாதம் மழையில்லாத பிற உலர்காடுகளில் மரங்கள் பெரும்பாலும் இலையுதிர்த்து நிற்கும். இங்கோ ஆவணி மாதத்து வறண்ட கச்சான் காற்றிலும் பாலையும் வீரையும் கருங்காலியும் பச்சையாகவே நிற்கின்றன. முதிரை போன்ற சில மரங்களே இலையுதிர்க்கின்றன. கடினமான சிறிய இலைகளும் ஆழ வேரூன்றும் தன்மையும் இதற்குத் துணைசெய்கின்றன. சூழலியலாளர் இதனை ‘உலர் கலப்பு என்றும்பசுமைக் காடு’ என்று வகைப்படுத்துகின்றனர். கல்லோயாவின் மேட்டுப் பகுதிகளில் காடு திறந்த புல்வெளியாக மாறி, அதில் கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்று மரங்களும் சிதறி நிற்பதைக் காணலாம். நாட்டு வைத்தியர்கள் திரிபலாவுக்குத் தேடும் மூன்றும் ஒரே வெளியில் கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகம் இருக்காது என்றே நினைக்கத் தோன்றுகிறது.

உலகில் இப்போது எவ்வளவு காடு எஞ்சியிருக்கிறது?

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 406 கோடி ஹெக்டேயர், அதாவது நிலப்பரப்பில் 31 சதவீதம். அதில் பாதிக்கும் அதிகமானது ரஷ்யா, பிரேசில், கனடா, அமெரிக்கா, சீனா ஆகிய ஐந்து நாடுகளுக்குள் இருக்கிறது. 2015 முதல் 2020 வரை ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடி ஹெக்டேயர் காடு அழிக்கப்பட்டது.

இலங்கையில் 1956 ஆம் ஆண்டில் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதமாக இருந்த காடு 2010 இல் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இத்தகைய எண்களை வாசிக்கும்போது எதனைக் காடாகக் கணக்கிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன உலக மதிப்பீட்டில் அரை ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பு, 5 மீற்றருக்கு உயரக்கூடிய மரங்கள், 10 சதவீதத்துக்கு மேற்பட்ட விதான மூடல் (மரத்தலைகள் நிலத்தை மூடும் அளவு) ஆகியவை இருந்தால் அது காடு. அவ்வாறு பார்த்தால் இறப்பர்த் தோட்டமும் காடாகிவிடும், பல்லினம் நிறைந்த பற்றையோ சில வேளை கணக்கில் வராமலே போய்விடும்.

முள்ளும் கொடியுமாகக் கிடக்கும் பற்றைக்காடு பயனற்ற நிலந்தானே? அதைத் துப்புரவாக்கி நல்ல மரங்களை நட்டால் என்ன?

இந்தக் கேள்வியே மிகுதியாக வருகிறது. பெரும் பிழைகளும் இதிலிருந்தே தொடங்குகின்றன. காட்டை வெட்டிப் பயிரிட்டுப் பின் கைவிடப்பட்ட சேனை ஒன்றுக்குள் குனிந்து பாருங்கள். மேலே சூரை முள்ளும் காரையும் கிளாக்காய்ப் பற்றையும் பின்னிக் கிடக்கும். அவற்றை விலக்கினால், மாடு வாய்வைக்க முடியாத அந்த முட்களின் நிழலில், சாண் உயரத்தில் வீரைக் கன்றுகள் இரண்டு மூன்று நிற்பதைக் காணலாம். பழந்தின்ற கொண்டைக்குருவி ஒன்று அந்தப் பற்றையில் வந்து அமர்ந்தபோது எச்சத்தோடு விழுந்த விதைகள் அவை. வெளியில் வெயில் சுட்டெரிக்கும் நிலத்தில் விழுந்திருந்தால் முளைத்திருக்க மாட்டா, முளைத்தாலும் மாடு விட்டுவைத்திருக்காது. பக்கத்திலேயே, வெட்டப்பட்ட பழைய அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளைகள் தழைத்திருக்கும். அந்தக் கட்டைக்குக் கீழே பல ஆண்டுகள் வயதுள்ள வேர்த்தொகுதி உயிரோடு இருக்கிறது. புல்டோசர் வந்து துப்புரவாக்கும்போது முதலில் போவது இந்த வேர்கள்தான். பிறகு அதே இடத்தில் பைக்கற்றில் வளர்த்த நாற்றை நட்டு, பௌசரில் நீர் கொண்டுவந்து ஊற்றுகிறோம்.

வெட்டப்பட்ட வெப்ப வலயக் காடுகள் தானாக மீளும் வேகத்தை அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் 77 இடங்களில் ஆராய்ந்த குழு ஒன்று 2021 ஆம் ஆண்டில் தனது முடிவுகளை வெளியிட்டது. 20 ஆண்டுகளில் சராசரியாக முதிர்ந்த காட்டின் தன்மைகளில் 78 சதவீதம் திரும்பிவிடுகிறது. மண் பத்து ஆண்டுக்குள்ளேயே தேறிவிடும். காட்டின் அமைப்பும் இனவளமும் திரும்ப 25 முதல் 60 ஆண்டு வரை செல்லும். மரங்களின் மொத்த எடையும், எந்தெந்த இனம் எவ்வளவு என்ற இனக்கலவையும் பழைய நிலைக்கு வர 120 ஆண்டுக்கு மேல் ஆகும். முதிர்ந்த காட்டை வெட்டிவிட்டு ‘திரும்ப வளரும்’ என்று சொல்வதற்கு இது சான்றாகாது. வளரத் தொடங்கிவிட்ட பற்றையை மீண்டும் மீண்டும் வெட்டாதிருப்பதற்கே இது சான்று. நமது உலர்வலயத்தில் இன்று அடர்காடாகத் தெரியும் இடங்கள் பலவற்றுக்குள் உடைந்த குளக்கட்டுகள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் வயலும் ஊருமாக இருந்த இடங்களில் யாரும் நடாமலே எழுந்த காடுகள் அவை.

மேலே குறிப்பிட்ட ஜான்சன் கோஸ்டாரிக்காவின் குவானகாஸ்ட்டே பகுதியில் செய்ததும் இதுவே. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மேய்ச்சற்புல் ஆண்டுதோறும் எரிந்து, இருந்த காட்டையும் தின்றுகொண்டிருந்தது. தீயை நிறுத்தியதே முதன்மையான வேலை. பெரும்பகுதி காடு தானாகவே வந்தது. அங்கே 1990களின் பிற்பகுதியில், பழச்சாற்று ஆலை ஒன்றின் தோடம்பழத் தோல் ஏறத்தாழ 12,000 தொன் அளவில் வளமிழந்த நிலத்தில் கொட்டப்பட்டது. அது புல்லை மூடி அழுகச் செய்து மண்ணையும் வளமாக்கியது. 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தோல் கொட்டிய பகுதியில் மரங்களின் உயிர்த்திணிவு (மொத்த எடை) 176 சதவீதம் கூடுதலாக இருந்ததாகக் கண்டது.

அப்படியென்றால் மரநடுகையே வேண்டாம் என்கிறீர்களா? தேக்கும் யூக்கலிப்டசும் மரங்கள்தானே?

விதை தரும் தாய்மரம் எதுவும் அருகில் இல்லாத இடத்திலும், மண் முழுக்க வழிக்கப்பட்ட கிரவல் குழியிலும், வீதியோரத்திலும், பாடசாலை வளவிலும் நடத்தான் வேண்டும். தேக்கந்தோட்டம் மரத் தேவைக்கான பயிர் என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை. அதனைக் காட்டுக்குப் பதிலாகக் கணக்கில் சேர்ப்பதே பிழை.

நீரையும் கவனிக்க வேண்டும். புல்வெளியிலும் பற்றையிலும் விரைந்து வளரும் மரங்களைப் பெருந்தோட்டமாக நட்ட உலகின் பல இடங்களை ஒப்பிட்ட 2005 ஆம் ஆண்டு ஆய்வில், ஓடைகளின் நீரோட்டம் சராசரியாகப் பாதியளவு குறைந்திருந்தது. 13 சதவீதமான ஓடைகள் குறைந்தது ஓராண்டு முழுவதும் வற்றிக் கிடந்தன. தென்னாபிரிக்கா 1995 முதல் அயல்நாட்டு மரங்களை வெட்டி அகற்றுவதற்கே அரசாங்கத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. உன்னிச்சை போன்ற குளமொன்றின் நீரேந்துப் பரப்பில் எதை நடுவது என்று தீர்மானிப்போர் இதை அறிந்திருப்பது நல்லது.

காடு இருந்தால் மழை வரும் என்பது உண்மையா?

அமேசனில் பெருமளவுக்கு உண்மை. அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் ஈரம் மழையாக விழுந்து, மரங்களால் மீண்டும் ஆவியாக்கப்பட்டு, மேற்கே பலமுறை மழையாகிறது. அங்கு பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி இவ்வாறு காடே திருப்பிக் கொடுப்பது என்று பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாத்தி 1970களில் காட்டினார்.

கிழக்கிலங்கையின் நிலை வேறு. நமது மாரி மழையை வங்காள விரிகுடாவும் வடகீழ்ப் பருவக்காற்றும் தீர்மானிக்கின்றன. சில ஆயிரம் ஏக்கர் காட்டினால் அதைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. விழுந்த மழை என்ன ஆகிறது என்பதில்தான் காட்டின் பங்கு இருக்கிறது. சருகு மூடிய மண் நீரை உள்ளே விடும். வெறும் மண்ணில் அது செம்மண் வெள்ளமாக ஓடிக் குளத்தைத் தூர்க்கும்.

அமேசன் உலகுக்கு 20 சதவீத ஒட்சிசன் தருகிறது என்கிறார்களே?

தருவதில்லை. முதிர்ந்த காடு உண்டாக்கும் ஒட்சிசன் அளவுக்கு அதன் சுவாசத்துக்கும் சருகு உக்குவதற்கும் செலவாகிவிடுகிறது. அமேசனைக் காப்பதற்கு மழை, கரிமம், உயிரினங்கள் என்ற காரணங்களே போதும்.

வாவிக்கரையில் நட்ட கண்டல் கன்றுகள் ஏன் இறந்துபோகின்றன?

சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையோரங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான பரப்பில், உவர்நீரில் வளரும் அலையாத்தி மரமான கண்டல் நடப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி அதில் வெற்றியானது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. பார்க்கப்பட்ட 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருத்தமற்ற இடத்தில் நட்டதும், நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காததும் காரணங்களில் முதன்மையானவை.

பொருத்தமற்ற இடம் என்பதை விளக்க வேண்டும். நடுவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது தாய்மரத்திலேயே முளைத்து நீண்ட முருங்கைக்காய் போலத் தொங்கும் பெரிய கண்டல் நாற்றுகளை. பறிப்பதும் சேற்றில் குத்துவதும் இலகு, புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் எப்போதும் நீர் நிற்கும் சேற்றுத் தரையில் அவை நிலைப்பதில்லை. சில மாதத்தில் தண்டில் கொட்டலசுகள் (ஓடுள்ள சிறு நீருயிர்கள்) ஒட்டிக் கனத்து, வேர் மூச்சு முட்டி, கன்று சாய்ந்துவிடும். வாவியின் உயிர்கள் மேயும், நீரடியில் புல்போல் வளரும் சாதாழைத் தரையிலோ, நீர்ப்பறவைகள் இரைதேடும் சேற்றுவெளியிலோ நட்டால், நட்டது பிழைத்தாலும் இழப்பே. இயற்கையில் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி வரிசை உண்டு: தாங்குவேர்க் கண்டல் நீர் விளிம்பிலும், சேற்றிலிருந்து ஊசிபோல் மூச்சுவேர் நீட்டும் கண்ணா அதன் பின்னும், பால் பட்டால் கண்ணைக் கெடுக்கும் தில்லை மேட்டுப் பக்கமும் வளர்கின்றன.

மட்டக்களப்பு வாவிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடலோடு நாள்தோறும் ஏறியிறங்கும் பெரிய வற்றுப்பெருக்கு இங்கே இல்லை. முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்து நீர்மட்டமும் உவர்ப்பும் மாதக்கணக்கில் மாறும். ஆகவே நடுவதற்கு முன் அந்தக் கரையில் மாரியிலும் கோடையிலும் நீர் எதுவரை வருகிறது என்பதை அங்கே தூண்டில் போடுபவரிடம் கேட்பது, எந்தத் திட்ட அறிக்கையை விடவும் உதவும். போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென வெட்டப்பட்ட கரைகள் சிலவற்றில், குப்பை கொட்டுவதையும் மண் நிரப்புவதையும் நிறுத்தினாலே போதும். விதைகளை நீரே கொண்டுவரும்.

கண்டல்கள் சுனாமியைத் தடுக்குமா?

அகலமான, முதிர்ந்த கண்டற்காடு அலையின் வேகத்தைக் குறைக்கும். புயல் அலைக்கும் கரையரிப்புக்கும் எதிராக அதன் பயன் தெளிவானது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 இல் வந்தது போன்ற பேரலையை அது முழுமையாகத் தடுக்கும் என்று எண்ணி, வீட்டைக் கரையில் கட்டுவது ஆபத்து.

காட்டைப் பாதுகாத்தால் யானைத் தொல்லை அதிகரிக்காதா?

கேட்பவரின் வயலும் உயிரும் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் மழுப்பாமல் சொல்ல வேண்டும். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன; அந்தப் பரப்பில் கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் மக்களும் வாழ்கின்றனர். எல்லா யானைகளையும் பூங்காக்களுக்குள் துரத்தி வேலி போடுவது என்ற பழைய கொள்கை அதனால்தான் பலிக்கவில்லை. முதிர்ந்த அடர்காட்டில் யானைக்கு உணவு குறைவு. அது தேடுவது புல்லையும், கைவிட்ட சேனையில் தழைக்கும் இளந்தளிரையும், வற்றிய குளத்தின் தரையில் முளைக்கும் பசும்புல்லையும். சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்வதும் இதற்காகத்தான்.

வெடி கொளுத்தித் துரத்தத் துரத்த யானை பயம் தெளிந்து மூர்க்கமாகிறது. 2023 ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 480க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானைகளால் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். இப்போது ஓரளவு பலன் காட்டுவது, மின்வேலியைக் காட்டின் எல்லையில் போடாமல் ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடும் முறை. விதைப்போடு வேலியை எழுப்பி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிட்டால், தாளடியை யானை மேய்ந்துவிட்டுப் போகும். வேலியைப் பராமரிப்பவர் வயற்காரரே என்பதால் கம்பி அறுந்தால் அன்றிரவே கவனிக்கப்படுகிறது. கென்யாவில் பலன் தந்த தேன்கூட்டு வேலி இங்கும் வஸ்கமுவப் பக்கம் பரீட்சிக்கப்பட்டது. நமது தேனீ ஆபிரிக்கத் தேனீயைப் போல மூர்க்கமானதல்ல என்பதை மறக்கலாகாது.

மிருகங்கள் போனாலும் மரங்கள் இருக்கும்தானே?

கொஞ்சக் காலம் இருக்கும். வேட்டையால் விலங்குகள் அற்றுப்போன, பார்வைக்கு நன்றாகத் தெரியும் காடுகளை ‘வெறுமையான காடு’ என்று உயிரியலாளர் கென்ட் ரெட்ஃபோர்ட் 1992 ஆம் ஆண்டில் குறிப்பிட்டார். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில், பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கத் தின்றவர்களுக்கு அதன் இனிப்புத் தெரியும். கரடிக்கும் அது தெரியும். கரடியும் குரங்கும் பறவைகளும் விதையைத் தாய்மரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோகின்றன. தாய்மரத்தின் அடியிலேயே குவியும் விதைகளைப் பூச்சியும் பூஞ்சணமும் இலகுவில் கண்டுபிடித்து அழித்துவிடும். விளாம்பழத்தை ஓட்டோடு விழுங்கி, தொலைவில் இலத்தியோடு விதைக்க யானையைத் தவிர இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

காட்டுத் தீ இயற்கையானதுதானே?

சில நாடுகளில் ஆம். ஆபிரிக்கப் புல்வெளிகளும் பிரேசிலின் செராடோவும் தீயோடு வளர்ந்தவை. வட அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடிகள் கோடையின் தொடக்கத்திலேயே சிறு தீக்களை வைத்து, பிற்பாடு வரும் பெருந்தீயைத் தவிர்க்கின்றனர். நமது காட்டில் மின்னல் மழையோடு வருவதால் தானாகப் பற்றும் தீ அரிது. கச்சான் வீசும் மாதங்களில் எரிவது, இளம்புல்லுக்காகவும் வேட்டைக்காகவும் மனிதர் வைத்த தீயே. ஒருமுறை எரிந்த இடத்தில் கினிப்புல்லும் இலுக்கும் முதலில் எழும். காய்ந்த புல் அடுத்த தீக்கு விறகாகும். அதன்பின் கன்றுகள் தலைதூக்கும் முன்னரே எரிந்துவிடும்.

மாடுகள் மேய்வதால் காடு அழிகிறதா?

எண்ணிக்கையையும் காலத்தையும் பொறுத்தது. மாரிக்கால நெற்செய்கையான பெரும்போகத்தில் மாட்டுப் பட்டிகளைக் காட்டோர மேய்ச்சற்றரைக்குக் கொண்டுசென்று, அறுவடைக்குப் பின் வயலுக்குத் திரும்பும் மட்டக்களப்பின் பழைய ஒழுங்கு, நிலத்துக்கு ஆண்டுதோறும் ஓய்வு கொடுத்தது. மேய்ச்சற்றரைகள் பயிருக்கெனப் பிடிக்கப்படும்போது அதே மாடுகள் குறுகிய இடத்தில் ஆண்டு முழுவதும் நிற்க நேர்கிறது. கன்றுகள் அழிவது அப்போதுதான். பட்டிக்காரரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் நிலம் யாரிடம் போனது என்று கேட்பதே நியாயம்.

காட்டைக் காக்க அங்கு வாழும் மக்களை வெளியேற்ற வேண்டுமா?

1872 இல் அமைந்த அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்கா முதற்கொண்டு உலகின் பல பூங்காக்கள் அவ்வாறே உருவாகின. இலங்கையில் 1983 ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது ஆதிக்குடிகளான வேடர் குடும்பங்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. அவர்களின் தலைவர் தீசாஹாமி போக மறுத்துத் தம்பானைப் பகுதியிலேயே தங்கினார். வேட்டையும் தேனெடுப்பும் ஒரே நாளில் குற்றமாகின.

நேபாளம் வேறு வழியில் சென்றது. 1993 ஆம் ஆண்டின் வனச் சட்டத்துக்குப் பின் ஊர்க்காடுகள் பயனர் குழுக்களிடம் கையளிக்கப்பட்டன. இன்று அத்தகைய குழுக்கள் 22,000க்கு மேல். எப்போது விறகெடுப்பது, யார் காவல் போவது, மீறினால் என்ன தண்டம் என்பதை ஊரே தீர்மானிக்கிறது. 1992 இல் 26 சதவீதமாக இருந்த காட்டுப்பரப்பு 2016 அளவில் 45 சதவீதமானது. இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் மலைவயல்கள் கைவிடப்பட்டதும் இதற்குத் துணைசெய்தது. இந்தியாவின் 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் காட்டுவாசிகளின் உரிமையை ஏற்றுக்கொண்டது, நடைமுறையில் இழுபறி தொடர்ந்தாலும். வாகரைப் பக்கத்து வேடர் சமூகங்களைப் பற்றி எந்தத் திட்டம் வகுப்போரும் முதலில் அவர்களிடமே பேசுவதுதான் முறை.

உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறோம். காட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

உகந்தை முருகன் கோயிலைத் தாண்டியதும் குமண, யால தேசியப் பூங்காக்களின் ஊடாகவே பாதை செல்கிறது. கோடையின் உச்சத்தில் மிருகங்களும் மனிதரும் ஒரே நீர்நிலைகளை நம்பியிருக்கும் காலம் அது. கும்புக்கன் ஆற்றில் குளிக்கும்போது சவர்க்காரமும் ஷாம்பூவும் வேண்டாம். உணவுப் பொதியின் பொலித்தீனில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருப்பதால் மான்கள் அதை விழுங்கிவிடும். ஆகவே புதைக்காமல் கையோடு கொண்டுபோக வேண்டும். அடுப்பை ஆற்று மணலில் மூட்டி, நீரூற்றி அணைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

1978 சூறாவளி போல ஒன்று வந்தால் காடு மீளுமா?

அவ்வாண்டு நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பொலன்னறுவைக் காடுகளையும் சாய்த்தது. அங்கே குரங்குகளை நீண்டகாலமாக ஆராய்ந்த வொல்ஃப்காங் டிட்டஸ், இத்தகைய புயல்கள் நமது உலர்காட்டின் அமைப்பையே வடிவமைக்கின்றன என்று எழுதினார். பெருமரம் விழுந்த வெளியில் ஒளி விரும்பும் இனங்கள் எழும். விழுந்த மரங்களை எடுக்கிறோம் என்று இயந்திரங்களை உள்ளே விடுவதால் வரும் சேதம்தான் ஆறுவதற்கு நாளெடுக்கும்.

என் காணியில் ஒரு மூலையைக் காடாக விட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

இரண்டு மூன்று மாரிகளுக்கு மாடு நுழையாமல் அலம்பல் வேலி போடுங்கள். அங்கே ஏற்கெனவே நிற்கும் ஒரு பெரிய மரத்தை, அது கோணலானதாயினும், வெட்டாதீர்கள். பறவை வந்து அமர்வது அதில்தான். கச்சான் தொடங்கும் முன் சுற்றிவர ஆறேழு அடி அகலத்துக்குப் புல்லைச் செருக்கிவிடுங்கள். உண்ணிச்செடி மூடினால் முழுவதையும் ஒரேயடியாகப் பிடுங்காமல், கன்றுகள் நிற்கும் இடத்தில் மட்டும் கையால் விலக்குங்கள். மூன்றாம் மாரியிலும் நல்ல கன்று எதுவும் வரவில்லையென்றால், அயலிலுள்ள காட்டோர மரத்தின் விதையில் முளைத்த நாற்றுகளை ஐப்பசி மழையோடு நடலாம். முதிரை போன்ற மரங்கள் சொந்தக் காணியில் வளர்ந்தாலும் வெட்டி ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டியிருக்கும். அதைப் பற்றி அருகிலுள்ள வன இலாகா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.